பனிக்குள்ள எடுத்த கலியாணம்

ஃபுல் ஃபிரேம் எண்டு ஒரு சாமான் இந்தத் துனியாவில இரிக்கி எண்டு எனக்கு முதமுதலாச் சொன்னது ஸ்டூடியோக்கார மசூர்தான், மகள். எங்கட தெருவு றாஹிலாட மகள் ஹுஸ்னியாட கலியாணம் முடிஞ்சி மூணாம் நாள், மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பொறகு. நாளும் நேரமும் நல்லா ஞாபகம் இரிக்கி. அண்டைக்குத்தானே என்ட நிம்மதி போனது. அதுக்கு முந்தி ஃபிரேம் எண்டா எனக்கு மக்கா படம் போட்டுச் செவத்தில மாட்டிற சட்டந்தான்...

இரிங்க, இரிங்க. அந்தக் கதிரையில இரிங்க, இதுக்குக் கால் ஆடும். பொகைக்கு இருமுதா? வியாழக்கிழமை பின்னேரம் எங்கட ஊடெல்லாம் இப்பிடித்தான். வெள்ளி ராவு வருதெண்டு சாம்பிராணி போட்டு, ஊடு முழுக்கக் கொண்டு திரிஞ்சி காட்டுவம். ஒங்கட ஆக்களும் போடுவாங்கதானே. நாவிதன்வெளியில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்த புள்ளைய வாசல்லயே பொகையால வரவேத்திட்டன். இந்தாங்க, தேத்தண்ணியக் குடிங்க. தர்சிகாதானே பேர்? போன்ல சொல்லக்குள்ள பஸ் சத்தத்தில சரியா வெளங்கல்ல.

கமரா அந்தா மேசையில இரிக்கி. ஓம், அதுதான், துணி போட்டு மூடி இரிக்கிற. கொஞ்சம் பொறுங்க மகள், இப்பவே கையில எடுக்க வேணாம். முதல்ல நான் அதுட கொறையச் சொல்லி முடிக்கணும். எங்கட மார்க்கத்தில விக்கிற சாமான்ட கொறைய மறைச்சி விக்கப்படா. வித்த காசில அல்லாஹ்ட அருள், பறக்கத் எண்டுவம், அது இருக்காது. அதுக்குத்தான் நேத்து ராவு இஷா தொழுதிட்டு இரிந்து, ஒரு தாள்ல எழுதி வெச்சிரிக்கன். எட்டாம் வகுப்பு எழுத்து, சிரிக்கப்படா. ஒண்டு, புடிக்கிற பக்கத்து ரப்பர் கழண்டு, பசை போட்டு ஒட்டினது. ரெண்டு, பெட்டரி அறுவது எழுபது படத்தோட களைச்சிப் போகும், என்னப் போல. மூணாவதுதான் பெரிய கொற. மூணாவதுக்கு வாறன். அதாலதான் இத விக்கிறன், அதாலதான் ஃபுல் ஃபிரேம் எண்டு மூணு மாசமாக் கிறுக்குப் புடிச்சித் திரியிறன், அதாலதான் வாற ஞாயித்துக்கிழமை பஸ்மிலாட கலியாணத்துக்கு வெரல் மடிச்சி நாள் எண்ணிக்கிட்டு இரிக்கன்.

பஸ்மிலா ஆரா? பின்னூட்டுப் புள்ள மகள். அவட வாப்பா சவூதியில லொறி ஓடுறாரு. லீவு கேட்டு மூணு தரம் எழுதிட்டாரு, குடுக்கிறானில்ல. போன கெழமை எனக்கு கோல் எடுத்து, "ராத்தா, போன்ல ஆடி ஆடி வாற படம் எனக்கு வேணாம். என்ட புள்ள பொண்ணா இரிக்கிற ஒரு படம், கையில வெச்சிப் பாக்கிற மாதிரி ஒரு படம், அது போதும்" எண்டாரு. அந்த மனிசன் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாத ஆள். நானும் ஓம் எண்டு வாயக் குடுத்திட்டன். ஸ்டூடியோக்காரனக் கூப்பிட ஏலா, ஆம்புளைக்கு முன்னால பஸ்மிலா முக்காட்ட இறக்க மாட்டாள். படம் எடுக்கிற பொம்புளப் புள்ளைகள் கல்முனையில இரிக்காங்கதான். கேட்டுப் பாத்தம். ஞாயித்துக்கிழமைக்கு ஒருத்தியும் இல்ல. இந்த ஊர்ல எல்லாரும் ஒரே நாளிலதானே கலியாணம் முடிக்கணும்.

நான் ஒண்டும் இத ஒரு தொழிலாச் செய்யிறவ இல்ல. ஒருத்தர்ட்டையும் ஒரு சதம் வாங்கினதில்ல. துஆ செய்ங்க எண்டு சொல்லுவன், அவ்வளவுதான். என்ட மூத்தவன் முஹ்ஸின் கட்டாரில இரிக்கான். நாலு வருசத்துக்கு முந்தி லீவில வரக்குள்ள இதக் கொண்டந்து, "உம்மா, நீங்க போன்ல கடலப் படம் எடுத்து அனுப்பி அனுப்பி என்ட போன் நெறஞ்சிட்டு. எடுக்கிறதெண்டா ஒழுங்கா எடுங்க" எண்டு தந்தான். தந்திட்டு ஒண்டே ஒண்டுதான் சொன்னான். "எந்த பட்டன வேணுமெண்டாலும் அமத்துங்க, ஒண்டும் ஆகாது. முன்னால இரிக்கிற கண்ணாடியில மட்டும் கை வெச்சிராதீங்க." வல்லாஹி மகள், நாலு வருசமா அந்தக் கண்ணாடியில என்ட சுண்டுவெரல் பட்டதில்ல. ஒருக்கா எங்கட ஊட்டுக்காரர் பெரிய கெட்டித்தனமாச் சாறன் தலப்பால தொடைக்க வந்தாரு. அண்டைக்கு அவருக்கு ராச்சோறு கொஞ்சம் பிந்தித்தான் கெடச்சது.

விடியக்காலை ஸுபஹ் தொழுதிட்டு நேரா கடற்கரைக்குப் போவன். நம்மட சாய்ந்தமருதுக் கரையில கரவல இழுக்கிறத ஒங்களுக்குப் பாக்கக் கெடச்சிரிக்கா? ஆக்கள்ற மொகத்த எடுக்கிறதில்ல. கையும் கயிறும், மணல்ல கால் பதியிறதும், காகம் வந்து மீனப் பாக்கிற பார்வையும். அதுதான் என்ட படம். அத என்ட இளைய மக, என்ட பேர் போடாம ஃபேஸ்புக்கில ஒரு குழுவில போட்டு உட்டாள். முதல் வருசம் ஒருத்தரும் கண்டுகொள்ளல்ல. ரெண்டாம் வருசம் ஒருத்தர் ரெண்டு பேர். மூணாம் வருசத்தில இருந்து பாருங்க, "ஆஹா, பனி", "என்ன ஒரு பனிக்காலை", "கனவு போல இரிக்கி". பனியாம். சாய்ந்தமருதுல. இஞ்ச காலையில ஏழு மணிக்குக் குடை புடிக்கணும். ஒரு பேராசிரியர் வேற வந்து, மங்கலாத் தெரியிறதில வாழ்க்கையிட தத்துவம் இரிக்கி எண்டு முழங்கை நீளத்துக்கு எழுதியிரிந்தாரு. நான் எடுத்தது நெத்தலிக் கூடை. அதுல அவர் தத்துவத்தக் கண்டிட்டாரு, நான் இன்னும் நெத்தலியத்தான் தேடுறன்.

எண்டாலும் பயம் வந்திட்டு மகள். இவ்வளவு பேர் புகழ்ந்தா கண்ணூறு படும்தானே. அதுக்குப் பொறகு வியாழன் பின்னேரத்தில சாம்பிராணி காட்டக்குள்ள கமராவுக்குக் கொஞ்சம் கூடக் காட்டத் தொடங்கினன். தையல் மிசினுக்குக் காட்டுறம், நெல்லு மூட்டைக்குக் காட்டுறம், அவர்ட மோட்டார் சைக்கிளுக்குக் காட்டுறம், கமரா மட்டும் என்ன பாவம் செஞ்சது? கிட்ட வெச்சி, மூடியக் கழட்டிட்டுத்தான் காட்டுவன். மூடியோட காட்டினா பறக்கத் எப்பிடி உள்ளுக்குப் போற? இப்ப நீங்க கேற்றத் தட்டக்குள்ளயும் அதுக்குத்தான் காட்டிக்கிட்டு நிண்டன். அடுத்தவங்க கைக்குப் போற சாமான், நல்லபடியாப் போகட்டும் எண்டு...

எங்க உட்டன்? ஆ, ஹுஸ்னியாட கலியாணம். கடற்கரைக்குப் பனி நல்லம் மகள். பொண்ணுக்கு நல்லமில்லயே. அவங்கட பெரிய அறையில இரிந்த வெளிச்சம் அத்தினையும் போட்டு, பட்டும் நகையுமாப் புள்ளைய உக்கார வெச்சி, இருநூத்துச் சொச்சம் படம் எடுத்தன். ரெண்டு தரம் சார்ஜ் போட்டு எடுத்தன். ஊட்ட வந்து பெரிசாக்கிப் பாத்தா, லைட் எல்லாம் பஞ்சு உருண்ட மாதிரி. பொண்ணு எங்கயோ முகிலுக்குள்ள இரிக்கிறாள். நகை இரிக்கிதெண்டு நம்பணும், தெரியாது. றாஹிலா படத்தப் பாத்தாள். பாத்திட்டு ஏசினாளா எண்டா, இல்ல. ஏசினாப் பரவாயில்ல. "என்ன ராத்தா, என்ட புள்ளைட கலியாணத்தக் கொண்டு போய்ப் பனி மூடின நுவரெலியாவில வெச்சா எடுத்தீங்க?" எண்டு சிரிச்சிக்கிட்டே கேட்டாள். நாலு பொம்புளைகள் சுத்தி இரிந்தாங்க. எல்லாரும் சிரிச்ச. நானும் சிரிச்சன். ஊட்ட வந்து ரெண்டு றக்அத் தொழுதிட்டு, தொழுத முசல்லாப் பாயிலயே இரிந்து அழுதன்.

மூணாம் நாள்தான் மசூர்ட ஸ்டூடியோவுக்குப் போனது. படத்தப் போன்ல காட்டினன். அவன் ரெண்டு வெரலால இழுத்துப் பெரிசாக்கி, டொக்டர் எக்ஸ்ரேயப் பாக்கிற மாதிரிப் பாத்து, ஒரு பெருமூச்சு உட்டான் பாருங்க. மவுத்தாகப் போற ஆளுக்குச் சாகக்குள்ள சொல்ற மாதிரி எனக்குக் கலிமாச் சொல்லிக் குடுக்கப் போறானோ எண்டு பயந்திட்டன். "மாமி, இதுட சென்சர் சின்னன். ரூமுக்குள்ள வெளிச்சம் காணாது. நீங்க ஃபுல் ஃபிரேமுக்குப் போகணும்." ஃபுல் ஃபிரேமுக்குப் போற எண்டா அது என்ன, அக்கரைப்பத்துக்குப் போற மாதிரியா? நான் கேட்டன், சென்சர் எண்டா என்ன மகன்? "மாமி, அது வாசல் மாதிரி. வாசல் சின்னனா இரிந்தா வெளிச்சம் உள்ளுக்கு வராது." சரி, ஊட்டுக்குள்ள வெளிச்சம் வராட்டி நாங்க யன்னலத் தொறந்து பாப்பம். இவன் ஊட்டயே இடிச்சிப் பெரிசாக் கட்டச் சொல்றான். அதுவும் போதாம, போகக்குள்ள சொல்றான், "இல்லாட்டி மாமி, பேசாமப் போன்ல எடுங்க, வயசு போன நேரத்தில என்னத்துக்குக் கஷ்டம்." நல்ல மனிசன். அதே வயசில அவன்ட மாமனார் ரெண்டாம் கலியாணம் முடிச்சிரிக்காரு, அதுக்கு இவன்தான் படம் எடுத்தான்.

மறுகா என்ட ராத்தாட மகன் றிம்சான். கல்முனையில போன் கடை வெச்சிரிக்கான். "சாச்சி, நீங்க யோசிக்க வேணாம், நான் எல்லாம் பாத்துத் தாறன்" எண்டான். அவன் பாத்துத் தந்தான், எனக்குத்தான் கண் தெரியாமப் போன. ஒவ்வொரு ராவும் வாட்ஸ்அப்பில ஒவ்வொரு கமரா. குறஞ்ச வெலைக்கு நல்ல ஃபுல் ஃபிரேம் எது எண்டு கேட்டா, குறஞ்ச வெல எண்டு அவங்க சொல்றது எங்கட ஊட்டுக்காரர்ட ரெண்டு போக வெள்ளாம. அதுவும் மழை ஒழுங்காப் பேஞ்ச வருசத்து வெள்ளாம. நான் நம்பித் தொறந்து பாத்தா, கீழ சின்ன எழுத்தில, லென்ஸ் இல்லாம. லென்ஸ் இல்லாமயாம். மகள், மாடு வாங்கப் போனா காலத் தனியா விப்பானா ஒருத்தன்? ஒடம்பு ஒரு வெல, கண் ஒரு வெல. கண்தான் ஒடம்ப விடக் கூட வெல. பழைய லென்ஸ் இரிக்கே, அதப் போடலாமா எண்டு கேட்டன். போடலாமாம். போட்டா பெரிய சென்சர் சின்னச் சென்சர் மாதிரி வேல செய்யுமாம். அப்ப நான் என்னத்துக்கு மகன் பெரிசு வாங்கிற எண்டு கேட்டன். அதுக்கு அவன் இன்னொரு கமராட படத்த அனுப்பினான். 

யூடியூப்பில தமிழ்ப் பொடியன் ஒருத்தன் இந்தியாவில இரிந்து சொல்லித் தாறான். அவனையும் பாத்தன், மூணு மாசம், சோறாக்கிக்கிட்டே. நல்லாச் சொல்லுவான். உள்ளுக்க ஒரு சின்ன மொகக்கண்ணாடி உள்ள கமரா வாங்குங்க, வெல குறைவு எண்டு ஒரு நாள் சொல்லுவான். அடுப்பில கறி ஆணம் கொதிக்க முந்தி அடுத்த வீடியோவில, கண்ணாடி உள்ள கமராட காலம் முடிஞ்சி போச்சி, வாங்கினா ஏமாந்தீங்க எண்டுவான். கண்ணாடி உள்ளது பாரமாம், ஒரு கிலோவுக்கு மேல. நான் ஒரு கிலோ சீனிய எடுத்துக் கழுத்தில தொங்கப் போட்டுப் பாத்தன், சும்மா சொல்லல்ல, துணிப்பையில போட்டு, பின்னேரம் அஸர்ல இரிந்து பொழுது பட மஃரிப் வரைக்கும் தொங்கப் போட்டுக்கிட்டு வேல செஞ்சன். ஊட்டுக்காரர் பாத்திட்டுப் பள்ளிக்குப் போயிட்டாரு. முப்பத்திரெண்டு வருசம் ஒண்டா இரிந்தா மனிசன் கேக்கிறத உட்டிடுவான். கழுத்து நோவுதான் மிச்சம். அதால பாரம் குறஞ்சது, கண்ணாடி இல்லாதது, ஆனா முதல் வந்த பழைய மொடல், ஒருத்தர் பாவிச்சது, அதுதான் எனக்குச் சரி எண்டு முடிவெடுத்தன். நானாத்தான் முடிவெடுத்தன். மசூருக்குச் சொன்னா, அவன், "அதுட பெட்டரி சீக்கிரம் போகும் மாமி" எண்டான். என்ட பெட்டரி மட்டும் என்ன, வாழுதா?

பழைய சாமான் தேடின கதையச் சொன்னா நீங்க கடைசி பஸ்ஸ உட்டுடுவீங்க. கொழும்பில ஒண்டு இரிந்தது. விக்கிறவர் சொன்னாரு, ஒரு டொக்டர் வெச்சிரிந்த கமராவாம், லீவு நாள்ல மட்டும் எடுத்ததாம். இந்த நாட்டில பழைய கார் எல்லாம் டொக்டர்மார் ஓடினது, பழைய ஃபிரிஜ் எல்லாம் டொக்டர்மார் தண்ணி வெச்சிக் குடிச்சது. அவங்க எந்த நேரம் வருத்தக்காரரப் பாக்கிறாங்களோ தெரியா. றிம்சான் கேட்டுப் பாத்தான், அந்த டொக்டர் எழுபதாயிரம் படம் அடிச்சிரிக்காரு. மோட்டார் சைக்கிளுக்கு மைல் பாக்கிற மாதிரி கமராவுக்கு அதப் பாக்கணுமாம். எழுபதாயிரம் பரவாயில்லயாம், இன்னும் ஒரு லெச்சம் போகுமாம். அதுக்கு லென்ஸ் ஒண்டும் சேத்துத் தாறன் எண்டிரிக்காரு. இண்டைக்கு இஷாக்குப் பொறகு றிம்சான் கொழும்பு பஸ் ஏறுறான். என்ட சீட்டுக் காசும், ஊட்டுக்காரர் தந்த நெல்லுக் காசும், நீங்க இப்ப தரப் போற காசும் சேந்தாத்தான் அது வரும். சனிக்கிழமை காலையில கையில கெடச்சா, ஒரு நாள் இரிக்கி எனக்குப் பழக. ஒரு நாள்ல நான் பழகி, ஞாயித்துக்கிழமை பஸ்மிலாட மொகம் தெளிவா விழுந்து, அந்த மனிசன் சவூதியில கையில வெச்சிப் பாக்கணும். நான் முசல்லாவில இரிந்து கேக்கிறது இது ஒண்டுதான். கமராவுக்கெல்லாம் துஆ கேக்கிறதா எண்டு ஆரும் சிரிக்கலாம். ஒரு வாப்பாக்குக் கேக்கிறன், அவ்வளவுதான்.

சரி. மூணாவது கொற. அதுதான் மகள் இந்தப் பனி. சென்சர் சின்னன், அதால எதுல எடுத்தாலும் பனி புடிச்ச மாதிரித்தான் வரும். நீங்க வயல் வட்டையில கொக்கு எடுக்கப் போறீங்க எண்டு சொன்னீங்க. கொக்கு வரும், ஆனா வெள்ளத் துணியச் சுத்திக்கிட்டு வரும். இதத் தெரிஞ்சிதான் வாங்கணும். தெரிஞ்சி வாங்கிறன் எண்டு நீங்க வாயால ஒருக்காச் சொல்லிட்டா என்ட பொறுப்பு முடிஞ்சிரும். அதாலதான் வெலையும் பாதிக்குப் பாதி போட்டன்...

இப்ப எடுத்துப் பாருங்க. ஓம், துணியக் கழட்டுங்க. மெதுவா. மூடி தொறந்துதான் இரிக்கி, இப்பதானே காட்டினன்... என்ன அப்பிடி வெளிச்சத்துக்குப் புடிச்சிப் பாக்கிறீங்க? கீறல் ஒண்டும் இல்ல மகள், சத்தியமா. கீறல் இரிந்தா நாலாவதா எழுதியிரிப்பன்.

என்ன துணி அது? கமரா தொடைக்கிற துணியா? கமரா வாங்க முந்தியே துணி வாங்கிட்டு வந்திரிக்கிறீங்களா... நல்ல புள்ள. எங்கட ஆக்கள் கலியாணத்துக்கு முந்தித் தொட்டில் வாங்கிற மாதிரி... மகள், மகள், என்ன செய்யிறீங்க, ஊதாதீங்க, கண்ணாடியில தொடப்படா, முஹ்ஸின் சொல்லித் தந்தவன்...

தொடைச்சிட்டீங்க.

இதென்ன இது, துணியில? தாங்க பாப்பம். இதென்ன நெறம். சாயத் தேத்தண்ணி ஊத்தின மாதிரி. ஒட்டுது வேற. இது எங்கால வந்த? கண்ணாடியில இரிந்தா? இவ்வளவா? இன்னொருக்காத் தொடைங்க பாப்பம், மத்தப் பக்கத்தால. இன்னும் வருது. நல்லா ஊதி, வட்டமாத் தொடைங்க... இப்ப துணி வெள்ளையா வருது.

இஞ்ச கொண்டாங்க, அந்தத் துணிய மணந்து பாக்கிறன்.

...

மகள், ஒரு படம் எடுங்க. என்னய எடுக்க வேணாம், வெளியால, அந்தா கொடியில காயிற சாறன எடுங்க. எடுத்தாச்சா? காட்டுங்க. என்ட மூக்குக்கண்ணாடி எங்க... இதென்ன, கட்டம் கட்டமாத் தெரியுது. கொடிக்கயிறுல நார் தெரியுது. அங்கால பஸ்மிலாட செவத்தில பல்லி ஒண்டு இரிக்கி, அதுட வால் தெரியுது. இது இந்தக் கமராதானா எடுத்த? இன்னொண்டு எடுங்க. உள்ளுக்க, லைட்டப் போட்டு, இருட்டு மூலையில அந்தத் தண்ணிக் கூசாவ எடுங்க.

ம்.

பனியும் இல்ல, பஞ்சும் இல்ல.

என்ன சொல்றன் எண்டு வெளங்குதா மகள்? அது சாம்பிராணி. அந்தத் துணியில இரிக்கிறது முழுக்கச் சாம்பிராணி. நாலு வருசத்து வெள்ளி ராவு எல்லாம் அந்தக் கண்ணாடியில படிஞ்சி கெடந்திரிக்கி. நானே கிட்ட வெச்சி, மூடியக் கழட்டி, பொகைய ஊட்டி ஊட்டி வளத்திரிக்கன். பொகை படியப் படியப் பனி கூடியிரிக்கி. பனி கூடக் கூட ஃபேஸ்புக்கில ஆஹா எண்டிரிக்காங்க. ஆஹா எண்ட உடனே நான் கண்ணூறுக்குப் பயந்து இன்னும் ரெண்டு கட்டி சாம்பிராணி போட்டிரிக்கன். அந்தப் பேராசிரியர் தத்துவம் எண்டு எழுதினது என்ட சட்டிப் பொகையத்தான். ஹுஸ்னியாவ நுவரெலியாவுக்குக் கொண்டு போனதும் நான்தான்.

மூணு மாசம் மகள். மசூர் படத்தப் பாத்தான், றிம்சான் படத்தப் பாத்தான், ஊரே படத்தப் பாத்துச் சென்சர் சென்சர் எண்டது. ஒருத்தனாவது, அந்தக் கமராவக் கொண்டாங்க மாமி, ஒருக்காப் பாப்பம் எண்டு கேட்டானா? கேக்கல்ல. கேட்டிரிந்தாலும்... ம். கேட்டிரிந்தாலும் நான் குடுத்திரிக்க மாட்டன். கண்ணாடியில கை வெச்சிருவாங்க எண்டு. அதயும் சொல்லத்தானே வேணும். கை வைக்க வேணாம் எண்டுதானே முஹ்ஸின் சொன்னான், தொடைக்க வேணாம் எண்டு சொல்லல்லயே. அவன்ல ஒரு குத்தமும் இல்ல.

கொஞ்சம் இரிங்க, ஒரு கோல் எடுத்திட்டு வாறன். எங்கயும் போயிராதீங்க.

ஹலோ, மகன் றிம்சான்? பெட்டி கட்டிட்டியா? அவுத்து வை. ஓம், போக வேணாம். இல்ல, காசு சேந்திட்டு, அது காரணமில்ல. இல்ல, டொக்டரில கோவமும் இல்ல. சும்மாதான். மனசு மாறிட்டு. ஓம், ஞாயித்துக்கிழமைக்கு எதால எடுப்பன் எண்டா... அது நான் பாத்துக்கிறன். சென்சரா? சென்சர் இரிக்கிற அளவு போதும் மகன், வாசல் பெரிசாத்தான் இரிந்திரிக்கி, நான்தான் தெரச்சீலை கட்டி வெச்சிரிந்தன். என்ன தெரச்சீலையா? அதெல்லாம் பொறகு சொல்றன். வை, அஸர் தொழுதியா? தொழு முதல்ல.

சொல்லுவன், சொல்லுவன். இந்த நோம்புக்கு இல்ல, அடுத்த நோம்புக்குச் சொல்லுவன். அவன்ட்டச் சொன்னா மசூருக்குத் தெரியும், மசூருக்குத் தெரிஞ்சா றாஹிலாவுக்குத் தெரியும்... றாஹிலாவுக்கு நான்தான் போய்ச் சொல்லணும். ஹுஸ்னியாவ இன்னொருக்கா உடுப்பு உடுத்தச் சொல்லிக் கேட்டு, எடுத்துக் குடுக்கணும். சிரிக்கட்டும். நாலு பேர் சுத்தி இரிந்து சிரிக்கட்டும், இந்த முற அவள் சிரிக்கிறதுக்கு ஒரு ஞாயம் இரிக்கி.

தேத்தண்ணி ஆறிட்டே மகள். வேற ஊத்தித் தரட்டா? வேணாமா? பஸ்ஸுக்கு நேரம் இரிக்கி, பயப்பட வேணாம். அந்தக் கமராவ நெஞ்சோட புடிச்சிக்கிட்டு இரிக்கிறீங்க... விளங்குது. எனக்கும் முஹ்ஸின் தந்த அண்டைக்கு அப்பிடித்தான் இரிந்தது. படுக்கக்குள்ளயும் தலமாட்டில வெச்சிக்கிட்டுப் படுத்தன்.

பேசினது பேசினதுதான். இது ஒங்கட சாமான். வெலையில ஒரு சதம் கூட்ட மாட்டன், கொற இல்லாமப் போச்சே எண்டு வாக்க மாத்தினா நான் தொழுற தொழுகைக்கு என்ன அர்த்தம். அந்தத் தாள்ல மூணாவத வெட்டி உட்டுடுங்க. ரப்பரும் பெட்டரியும் இரிக்கி, அதுக்கு இந்த வெல சரிதான். அதுக்குப் பொறகு எனக்கு என்ன கமரா, எப்பிடி எண்டு அல்லாஹ் ஒரு வழி வெச்சிரிப்பான். இனி வாற கமரா சின்னச் சென்சரா இரிந்தாலும் பரவாயில்ல, பொகை மட்டும் காட்ட மாட்டன். பக்கத்தில வெச்சி ஓதி ஊதுவன். அதுவும் தூரத்தில நிண்டு.

ஒண்டு மட்டும் கேக்கட்டா மகள்? ஒங்களுக்கு விருப்பமெண்டாத்தான். காசு இப்ப தர வேணாம், பையிலயே வைங்க. ஞாயித்துக்கிழமை முடியட்டும். திங்கக்கிழமை காலையில முதல் பஸ்ஸில நானே ரெண்டு பஸ் மாறி நாவிதன்வெளிக்குக் கொண்டந்து ஒங்கட கையில தாறன். அது வரைக்கும் இத என்னட்ட வெச்சிட்டுப் போறீங்களா?

அந்தத் துணியையும்.